சிவப்புத் துணி கட்டிய செடி

வெண்டைச் செடி இருந்த இடத்தில் வெண்டைச் செடி இல்லை.

காலையில்தான் அவள் தன் கையால் அதற்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தாள். இலை நரம்பெல்லாம் மஞ்சள் ஓடி, காய்கூட வெளிறிப் போன செடி அது. சாயங்காலம் தையல் மிஷினை மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தால், வரிசையில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. பிடுங்கிய குழி இல்லை. சிதறிய மண் இல்லை. யாரோ உள்ளங்கையால் தட்டித் தடவிச் சமப்படுத்தியிருந்தார்கள். குழாயடிச் சுவரின் மேல் அந்தச் சிவப்புத் துணி நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு கூழாங்கல்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளும், முன்னறைக் கட்டிலில் படுத்திருக்கும் அவள் கணவரும்.

"என்னங்க, வெண்டைச் செடியை நீங்களா பிடுங்கினீங்க?"

"நானா? பாத்ரூம் போயிட்டு வரதுக்கே மூச்சு வாங்குது. இதுல செடி பிடுங்குறேனாம். ஏன், மாடி ஏறித் தண்ணித் தொட்டியும் கழுவி வெச்சிருக்கேன், போய்ப் பாரு."

லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். நுரையீரலில் நோய் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்து மாத்திரையில் தேறிக்கொண்டிருந்தார். உடம்புதான் பாதியாகியிருந்தது, வாய் அப்படியே இருந்தது. அதுவே அவளுக்குப் பெரிய தைரியம். அவர் பேச்சு நின்றுபோகும் ஒரு நாளை அவள் நினைத்துப் பார்க்கவே மாட்டாள்.

தோட்டமே அவருக்காகப் போட்டதுதான். கடைக் காய்கறியில் என்னென்ன தெளிக்கிறார்களோ, இவருக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று விதை வாங்கி, தொட்டியில் முளைக்கவைத்து, நாற்றாக்கி நட்டாள். தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை. முதல் காய்ப்பு அருமையாக வந்தது. யார் கண் பட்டதோ, அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக இலை சுருண்டது. பச்சைக்கு நடுவே மஞ்சள் திட்டு. திட்டு பெரிதாகி, கொழுந்து குன்றி, செடி நின்ற இடத்திலேயே கிழடாகிவிடும். இலையைத் தொட்டால் அடியிலிருந்து வெள்ளை ஈக்கள் புகை மாதிரி எழும்பும்.

சுருண்ட இலையை எடுத்துக்கொண்டு விதைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவினார். அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"வைரஸும்மா. இதுக்கு மருந்து கிடையாது. வெள்ளை ஈ ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குக் கொண்டு போகும், உங்க கையும் கொண்டு போகும். கண்ணுல பட்ட அன்னிக்கே வேரோட எடுத்து ஆழமாப் புதைச்சிடுங்க."

"கொஞ்சம் தேறுதான்னு பாத்துட்டு…"

"பாவம் பாத்தீங்கன்னா பக்கத்துல நிக்கிறதும் போயிடும்." குடையின் கைப்பிடியைச் செடியாகப் பாவித்துப் பிடித்துக் காட்டினார். "வெடுக்குனு இழுக்கக் கூடாது. வேர் அறுந்து உள்ளயே தங்கிடும். அடித்தண்டைப் பிடிச்சுக்கங்க. இந்தப் பக்கம் ஒரு ஆட்டு. அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. மண்ணு பிடியை விட்டுடுச்சுன்னு கைக்கே தெரியும். அப்புறம் ஒரே சீரா எடுத்துடணும்."

தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அவளுக்குப் பகலெல்லாம் மிஷினில் வேலை. காலையில் தண்ணீர் ஊற்றும்போது நோய் கண்ணில் படும். பிடுங்கிப் புதைக்கச் சாயங்காலம்தான் நேரம். இடையில் எது என்று மறந்துவிடக் கூடாதே என்று, ஓர் ஓட்டலுக்கு மேசை விரிப்பு தைத்ததில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, நோய்ப்பட்ட செடியின் தண்டில் கட்டிவைத்தாள். தையல்காரிக்கு அடையாளம் வைப்பதென்றால் துணிதான்.

சாயங்காலம் வந்தால் மனம் வராது. விதையிலிருந்து வளர்த்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விடுவாள். தோட்டத்தில் சிவப்பு கூடிக்கொண்டே போயிற்று.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். அதே துணியை அவள் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தாள். தட்டும் டம்ளரும் தனியாக வைக்கத் தேவையில்லை, மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும், ஜன்னல் மட்டும் எப்போதும் திறந்திருக்கட்டும், காற்றுதான் முக்கியம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பயத்துக்குக் காது ஏது? கணவரின் தட்டைச் சுற்றியும், டம்ளரின் கைப்பிடியிலும், துண்டின் முனையிலும், தலையணை உறையிலும் சிவப்புத் துணி ஏறியது. வீட்டுக்குள் கட்டுவது என்பதால் ஓரம் மடித்துத் தைத்து, கொஞ்சம் அழகாகவே கட்டினாள். சட்டைகளைத் தனியாகத் துவைக்க வசதியாக ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்பக்கமும் ஒரு துண்டு வைத்துத் தைத்துவிட்டாள்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"லாரிக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பிக்குத்தான் சிவப்புத் துணி கட்டுவோம். பின்னாடி வரவன் இடிச்சுக்கக் கூடாதுன்னு. என்னையும் நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பி ஆக்கிட்டே."

"அட, சும்மா இருங்க. ஒரு ஜாக்கிரதைக்குத்தான்."

"கட்டு, கட்டு. செடிக்கும் எனக்கும் ஒரே மரியாதை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவிழ்க்கவில்லை.

வெண்டைச் செடி காணாமல் போனதற்கு முந்தைய சாயங்காலம் ஒன்று நடந்தது. அப்போது அதை ஒரு விஷயமாகவே அவள் நினைக்கவில்லை. வெயில் இறங்கி, சுவர் நிழல் பாத்திகளின் மேல் ஏறிவந்த நேரம். முதுகு விட்டுப்போகிற வலி. கட்டிய சிவப்பெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு தக்காளிச் செடியின் தண்டில் கைவைத்தாள். முடியவில்லை. எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்னால ஆகாதுப்பா. நான் கட்டி வெச்சதையெல்லாம் யாராச்சும் பிடுங்கிப் புதைச்சாக் கையெடுத்துக் கும்பிடுவேன்," என்றாள், யாருமில்லாத கொல்லையைப் பார்த்து.

குழாயிலிருந்து வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டு வானொலியும், எங்கோ குரைத்துக்கொண்டிருந்த நாயும், இலைகளின் மெல்லிய சலசலப்பும் சேர்ந்தாற்போல் அடங்கி, காதை யாரோ பஞ்சால் அடைத்த மாதிரி ஆயிற்று. ஈர மண்ணின் வாசனை மட்டும் திடீரென்று அடர்த்தியாக, ஆழத்தில் தோண்டிய மண்ணின் குளிர்ந்த வாசனையாக வந்தது. அப்புறம் சொட்டு மறுபடி விழுந்தது. வானொலியும் கேட்டது. குழாயை இறுக்கி மூடிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வெண்டைக்கு அடுத்த நாள் தக்காளி போயிற்று. அதற்கடுத்து இரண்டு கத்தரி. ஒவ்வொன்றும் அதே சுத்தம். மண்ணில் ஒரு வேர்த் துணுக்குக்கூட மிஞ்சவில்லை. சுவரின் மேல் மடித்த துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின, மேலே அதே கூழாங்கல்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான் அவளுக்கு இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவாக இருக்கும், மதியம் மிஷின் ஓடும் சத்தத்தில் தனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். புண்ணியவதி, நல்லா இருக்கட்டும் என்று வாயாரச் சொல்லவும் செய்தாள். மிச்சமிருந்த செடிகள் தெளிந்துகொண்டு வந்தன. புதுக் கொழுந்து பச்சையாக விட்டது.

ஒரு நாள் மதில்மேல் டீச்சரம்மா தலை தெரிந்தபோது நன்றி சொன்னாள்.

"நானா? உன் வீட்டுக் கொல்லைக்கு நான் எதுக்கு வரேன்?" என்றாள் டீச்சரம்மா. "எனக்கு முட்டி மடங்கவே மாட்டேங்குது. நான்கூட நீதான் ஆள் வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"ஆளா?"

"மத்தியானத்துல மண்ணைத் தட்டுற சத்தம் கேக்குமே. தட்… தட்…னு. குழந்தையைத் தூங்கவைக்கத் தட்டுற மாதிரி."

அவள் மதிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்து, மிஷினில் உட்கார்ந்து, வெகுநேரம் மிதிக்காமலே இருந்தாள். சுவரின் மேல் இருந்த துணிகளின் மடிப்பு ஞாபகத்துக்கு வந்தது. கரையை உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு. ஒட்டுத்துணியை எல்லாரும் அப்படி மடிக்க மாட்டார்கள். அவள் மடிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே எல்லாம் கோணல். வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. அவள் வளர்த்த ஒற்றைக் கோழிக்கு, நடையைப் பார்த்து அவர் மகாராணி என்று பெயர் வைத்த அந்தப் பழுப்புக் கோழிக்கு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கை தன் பாட்டில் சிவப்புத் துணியை எடுத்து அதன் காலில் கட்டி, தனியாகக் கூண்டில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டது. காய்த்துத் தொங்கிய அவரைக் கொடி ஒன்று கொம்பிலிருந்து நழுவியிருந்தது. அதற்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. கயிறு தேட நேரமில்லாமல், கையிலிருந்த சிவப்புத் துணியால் அதையும் கொம்போடு சேர்த்துக் கட்டினாள். பிறகு மிஷினில் உட்கார்ந்தவள் எதையோ நினைத்துக்கொண்டு மிதித்ததில், ஊசி இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கியது.

"ஐயோ!"

"என்னாச்சு?" முன்னறையிலிருந்து அவர் குரல் பதறியது.

"ஒண்ணுமில்ல, விரலைத் தைச்சிட்டேன்."

மடியில் கிடந்த துணியைச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"தைக்கிறதுதான் தைக்கிறே, ஒரு பூ டிசைனாவது போடக் கூடாதா?" என்றார். பிறகு விரலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "வலிக்குதா?"

"இல்ல. போய்ப் படுங்க."

மழைக்கு முன்னாலான இருட்டு சீக்கிரமே வந்துவிட்டது. மின்சாரம் போனது. தையலைப் பாதியில் விட்டுவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைக்கு வந்தாள்.

அவரைக் கொம்பு மொட்டையாக நின்றது.

காயும் பூவுமாக நின்ற கொடி. அதன் அடியில் மண் தட்டிச் சமப்படுத்தப்பட்டிருந்தது. அவள் அப்படியே நின்றாள். நோயைப் பார்த்துப் பிடுங்கவில்லை. நோய் என்றால் என்னவென்று அதற்குத் தெரியவே தெரியாது. துணியைப் பார்த்துப் பிடுங்குகிறது. நான் கட்டி வெச்சதையெல்லாம். அவள் வாயால் சொன்னது.

கோழிக்கூண்டு.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உள்ளே கோழி இல்லை. ஒரு சிறகுகூட உதிர்ந்திருக்கவில்லை. வைக்கோலின் நடுவில் சிவப்புத் துணி மட்டும், நான்காக மடித்து.

கூண்டுக்கு அடியில் மண் புதிதாக இருந்தது. மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள். மண் குளிர்ந்து களியாக நகத்துக்குள் ஏறியது. விரல் கட்டின் மேல் அப்பி, ஊசி குத்திய இடம் விண் விண்ணென்று தெறித்தது. முழங்கை ஆழத்துக்குப் போனபோது முதலில் தட்டுப்பட்டவை வேர்கள். அவரையின் வேர்கள், மேல்நோக்கி விரிந்து. இலையும் பூவும் காயுமாகச் செடி தலைகீழாக இறங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு மஞ்சள் கால்கள். மேல்நோக்கி. விரல்கள் விரிந்து. அவள் தொட்டதும் அதில் ஒரு விரல் மெதுவாக மடங்கியது.

பின்னால் சாய்ந்து விழுந்து, எழுந்து, குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோட்டத்தில் கட்டினது எதுவும் இனி இல்லை. எல்லாம் முடிஞ்சுது. இனிமேல் ஒரு நூல்கூடக் கட்ட மாட்டேன், தெய்வமே.

அவள் கை சுவரின் மேலிருந்த துணிக் குவியலின் மேல் இருந்தது. விரல் நுனிக்கு எதுவோ வித்தியாசமாகப் பட்டது. தையல்காரியின் விரல், கண்ணை மூடிக்கொண்டாலும் ஓரம் தெரியும். செடிக்குக் கட்டியவை எல்லாம் கிழித்த வாக்கில் பிசிறு பிசிறாக இருக்கும். மேலே இருந்தது பிசிறு இல்லாமல் மழமழவென்று இருந்தது. ஓரம் மடித்துத் தைத்தது. எடுத்து முகர்ந்தாள். பாத்திரம் துலக்கும் சோப்பு வாசனை.

டம்ளரின் துணி.

சமையலறைக்கு ஓடினாள். அலமாரியில் டம்ளர் இருந்த இடம் காலி. தட்டு இருந்த இடம் காலி. அங்கே மடித்த துணி. சமையலறைத் துணிக்கொடியில் துண்டு இல்லை. கிளிப் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது; கீழே, தரையில், மடித்த துணி. சமையலறை சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம் ஈரமாக, தடவிவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. கை தடவியது போலத்தான் இருந்தது. விரல் தடம்தான் இல்லை.

கொல்லையிலிருந்து உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு முன்னறைப் பக்கம் போகிறது.

காலர்.

"என்னங்க!"

இருட்டில் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

மிஷின் மேசையைத் தடவி, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் பாய்ந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. எப்போதும் திறந்திருக்க வேண்டிய ஜன்னல். அதன் வழியே மழைக்காற்றும் தோண்டிய மண்ணின் வாசனையும். கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். நிழலாகத்தான் தெரிந்தார்.

"கூப்பிட்டா ஏன் பேச மாட்டேங்குறீங்க?"

"ஷ்…" என்றார். "ஏய், கட்டிலுக்கு அடியில ஏதோ இருக்கு. பூனையா பாரு. தலையணையை உருவிக்கிட்டுப் போயிடுச்சு."

அவர் மேல் விழுந்து சட்டையைப் பிடித்தாள். பொத்தான்கள் தெறித்தன. காலருக்குள் கத்தியை விட்டாள். நெருக்கமான தையல். அவளே போட்டது. பாவி, எவ்வளவு நெருக்கமாகப் போட்டிருக்கிறாள். ஒரு கண்ணி. இன்னொரு கண்ணி.

"அடியேய், என்ன இது? வயசான காலத்துல…"

"அசையாதீங்க!"

"என்னாச்சு உனக்கு? அரண்டவன் கண்ணுக்கு…" என்று தொடங்கியவர் நிறுத்தினார். கட்டில் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறுபக்கம். அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

பிரிக்க நேரமில்லை. சட்டையையே தலைவழியாக உருவி, காலரோடு, துணியோடு ஜன்னலுக்கு வெளியே வீசினாள். கத்தி கை நழுவித் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அலமாரியைத் திறந்து மற்றச் சட்டைகளையும் வாரி வெளியே எறிந்தாள். எல்லாம். ஒன்று விடாமல். பிறகு கட்டிலில் ஏறி, வெற்றுடம்பாக நடுங்கிக்கொண்டிருந்த மனிதரைக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டம் நின்றது.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, ஈர மண்ணில், தட். தட். தட். பொறுமையாக. தூங்கவைக்கிற மாதிரி.

"அதுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு," என்றாள். அழுகை பீறிட்டது. "நான்தாங்க. நான்தான் கட்டினேன். உங்களையும் செடி மாதிரி… மன்னிச்சிடுங்க."

"சரி, சரி, விடு." அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவள் தலையைத் தடவினார். "இவ்வளவு கிட்ட வந்து எத்தனை நாளாச்சு உனக்கு. அந்தப் பூனைக்கு ஒரு கும்பிடு போடணும்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. இனி ஒரே தட்டில் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரே டம்ளர்.

"கையெல்லாம் என்ன இது, ஒரே சேறு?" செல்போன் வெளிச்சத்தை அவள் கைமேல் அடித்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த செம்புத் தண்ணீரில் போர்வை முனையை நனைத்து, குழந்தைக்குத் துடைப்பது போல ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். சுண்டுவிரல். மோதிர விரல். நடுவிரல். கறுப்பாகச் சேறு வழிந்தது. ஆள்காட்டி விரலின் கட்டைத் துடைத்தார்.

சேறு போயிற்று. சிவப்புத் தெரிந்தது.

வெளியே தட்டும் சத்தம் நின்றது.

இருவரும் அந்த விரலைப் பார்த்தார்கள். அவள் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். ரத்தம் காய்ந்து, சேறு ஏறி, கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. அவர் குனிந்து பல்லால் கடித்தார். மூச்சு வாங்கியது. இருமல் வந்தது. மறுபடி கடித்தார்.

"கத்தி… கத்தி எங்க?"

கட்டிலுக்கு அடியில்.

மண் வாசனை இப்போது ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. கீழிருந்து வந்தது. கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அவள் காலை இழுத்துக்கொள்ள நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது.

கணுக்காலை ஏதோ பிடித்தது. குளிர்ச்சியாக. ஈரமாக. முரட்டுத்தனமே இல்லை. வேர் அறுந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு, அடித்தண்டைப் பிடிக்கிற பிடி.

"என்னைப் பிடிச்சுக்கோ!" அவர் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பற்றினார். மெலிந்து நரம்பு தெரிந்த கைகள். "விட மாட்டேன். விடவே மாட்டேன்!"

இந்தப் பக்கம் ஓர் ஆட்டு.

இடுப்பு வரைக்கும் ஏதோ நெகிழ்ந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயம்.

அவரும் சேர்ந்து கட்டில் விளிம்புக்கு நகர்ந்தார். பிடி விடவில்லை. அவருடைய முழங்கால் விளிம்பைத் தாண்டியது. பாவம் பார்த்தால் பக்கத்தில் நிற்பதும் போய்விடும். கடைக்காரர் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"என் கையை விடுங்க," என்றாள்.

"மாட்டேன்."

"மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடுங்க."

"ஏய், என்ன பேச்சுப் பேசுறே? ஏய்!"

சேற்றிலும் தண்ணீரிலும் வழுக்கலாக இருந்த மணிக்கட்டுகளை அவள் திருகினாள். ஒன்று வந்துவிட்டது. இன்னொரு கையில் ஒரு விரலை மட்டும் அவர் பிடித்திருந்தார். சிவப்புத் துணி சுற்றிய விரல். அந்தப் பிடியையும் உருவிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஓர் ஆட்டு.

மண் பிடியை விட்டுவிட்டது அவளுக்கே தெரிந்தது. செல்போன் தரையில் விழுந்து, வெளிச்சம் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. சிமெண்டு இருந்த இடத்தில் கறுப்பாகக் குழைந்த மண். அதற்குள், வரிசையாக, தலைகீழாக, நட்டுவைத்த மாதிரி, அவருடைய டம்ளர். தட்டு. தலையணை. அவற்றுக்குப் பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஆழமாக ஒரு குழி, ஓரம் தட்டி, வழவழவென்று, தயாராக. மேலே கட்டிலிலிருந்து அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். விரலிலிருந்த முடிச்சை ஏதோ மிக மென்மையாக அவிழ்த்து, துணியை நீளவாக்கில் ஒரு முறை மடித்தது.